சிந்தல் பருப்பு

கற்பகவல்லிக்குச் சொந்த ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசுக் கம்பெனியில் திரி செருகிக்கொண்டிருந்தவள். அந்தக் கம்பெனியைப் பூட்டி சீல் வைத்த பிறகு விருதுநகருக்கு பஸ் ஏறி வந்து, வெள்ளைத்துரை முதலாளி பருப்பு மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் என்னோடு கூட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். வாயாடி. வந்த அன்றைக்கே என் வாரியல் தேய்ந்துபோய்விட்டதென்று வைது, அதைப் பிடுங்கிக்கொண்டு தன்னுடையதைக் கொடுத்தாள். அப்படிப்பட்டவள்.

எங்கள் கிட்டங்கியில் ஒரு வழக்கம் உண்டு. லோடு ஏறும்போதும் இறங்கும்போதும் கொக்கி பட்டு மூட்டை கிழிந்து தரையில் சிந்துகிற பருப்பு, கூட்டுகிறவளுக்கு. கூலி குறைச்சல், சிந்தலை நம்பித்தான் வருவோம். மூட்டை தூக்குகிற சங்கையா நல்ல மனுஷன். எங்களைப் பார்த்துவிட்டால் கொக்கியைக் கொஞ்சம் ஆழமாகவே போடுவான். கற்பகவல்லி அதைச் சொளகில் புடைத்து, வண்டையும் கல்லையும் எடுத்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டு போவாள்.

துவரை ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து, மில்லில் உடைபட்டு எங்களிடம் வரும். அதை விளைவிக்கிறவர்கள் என்னத்தைச் சாப்பிடுவார்கள் என்று ஒருநாள் கற்பகவல்லி கேட்டாள். சங்கையா முதுகு மூட்டையை இறக்காமலே சொன்னான்: "அங்கனயும் சிந்தல் இருக்கும் மதினி. கூட்டுறதுக்கு ஒங்களமாதிரி ஒருத்தி இருப்பா." சிரித்தோம்.

அந்த வருஷம் அவள் மகள் வீரலட்சுமி தலைப்பிள்ளை உண்டாகித் தாய்வீடு வந்திருந்தாள். மருமகனும் பூட்டிய கம்பெனிக்காரன்தான். ரேஷன் அரிசி இருந்தது. ரேஷன் பருப்பு ஒரு வாரத்துக்குக் காணாது. பிள்ளைத்தாச்சி உடம்பில் ரத்தமே இல்லை, பருப்பும் முட்டையும் கொடு என்று நர்ஸம்மா சத்தம்போட்டுவிட்டுப் போனாள். முட்டைக்கு வழியில்லை. பருப்புக்குக் கிட்டங்கி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பருப்பு விலை ஏற ஆரம்பித்தது. முதலாளி சரக்கை நிறுத்திவிட்டார். மூட்டைகள் அட்டி அட்டியாகக் கூரையை முட்டி நின்றன. வெளியே ஒன்றுகூடப் போகவில்லை. மூட்டை அசையாவிட்டால் எது சிந்தும்? அத்தனை பருப்புக்கு நடுவில் நாங்கள் வெறும் தூசியைக் கூட்டினோம். கற்பகவல்லி அட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், மாட்டைத் தடவுகிறமாதிரி. எழுந்தால் மகளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்பாள்.

சங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம், அவள் கேட்காமலே, ஓரத்து மூட்டையில் கொக்கியைக் குத்தி இழுத்தான். பருப்பு கொட்டியது. அவள் சொளகை வைத்து ஏந்தவில்லை. தரையில் விழவிட்டு, வாரியலால் கூட்டித்தான் அள்ளினாள். தரையில் விழுந்தால்தான் அது சிந்தல். அவள் நியாயம் அது.

மடியைக் கட்டும்போது முதலாளி வந்துவிட்டார்.

"விழுந்தது எனக்குத்தான மொதலாளி," என்றாள்.

"லோடு அசைஞ்சு விழுந்தா ஒனக்கு. நிக்கிற மூட்டையில விழுந்தா அதுக்கு வேற பேரு."

"பிள்ளத்தாச்சிக்குங்க. ஒருவேளக் கொழம்புக்கு."

"நாளைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு பிள்ளத்தாச்சியக் காட்டுவா. கொட்டு."

அவர் வாய்க்கு வந்தபடி வையவில்லை, போலீஸைக் கூப்பிடவில்லை. கோயில் அன்னதானத்துக்கு வருஷாவருஷம் பருப்பு மூட்டை அனுப்புகிறவர். அவள் கொட்டினாள். பினாயிலை எடுத்துவரச் சொல்லி, அவள் கையாலேயே பருப்பின் மேல் ஊற்றவைத்தார். என்னை அதைக் கூட்டிக் குப்பையில் போடச் சொன்னார். போட்டேன். சங்கையாவை அன்றோடு நிறுத்திவிட்டார். கற்பகவல்லியை நிறுத்தவில்லை, அவளைப்போல மூலைமுடுக்கெல்லாம் கூட்டுகிறவள் கிடைக்கமாட்டாள் என்றார்.

பிரசவத்தில் வீரலட்சுமிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. உடம்பில் இருந்ததே கொஞ்சம், அதுவும் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். அது பிழைத்தது.

துக்கம் கழியுமுன்பே கற்பகவல்லி வேலைக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்குப் பால்மாவு வாங்கவேண்டும். அந்த வாரம்தான் விலை உச்சிக்குப் போனது. முதலாளி கிட்டங்கியைத் திறந்துவிட்டார். லாரிகள் வரிசையில் நின்றன. புது ஆட்கள் அவசரத்தில் கொக்கியைக் கண்டபடி போட, தரையெல்லாம் பருப்பு. கற்பகவல்லி தலை நிமிராமல் கூட்டினாள். முதலாளி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"அள்ளிக்கோ கற்பகம். இது ஒனக்கு உள்ளது. வழக்கத்த நான் மீற மாட்டேன்."

அவள் அள்ளினாள். புடைத்தாள், வண்டெடுத்தாள், மடியில் கட்டினாள். அவர் முகத்தில் விட்டெறிந்திருக்கவேண்டும் என்று இதைக் கேட்கிறவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டில் பருப்பு இருக்கிறது.

பதினாறாம் நாள் அந்தப் பருப்பில்தான் சாம்பார் வைத்து, மகளின் காரியத்துக்கு வந்தவர்களுக்குச் சோறு போட்டாள். எனக்கு ஊற்றியது போதுமென்று கையை மறித்தேன். "ஊத்திக்கோ அக்கா, இன்னைக்கு நெறையக் கெடக்கு," என்று கையை விலக்கிவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

சாப்பிட்டேன். பருப்பு நன்றாக வெந்திருந்தது.