அதே தூள், அதே கை

போன வாரம் மஸ்கெலியாவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் திரும்பி வந்தது. வவுனியாவில் இருக்கும் அக்காவுக்கு நான் அனுப்பிய தேயிலைத் தூள். குறை சொல்லக் கொண்டு வந்தவர் அக்காவின் மாமியார் – நேரில்! கூடவே தலையைக் குனிந்தபடி அக்கா.

கல்யாணமாகிப் போன நாள் முதல் அந்த வீட்டில் அவளுக்கு ஒரே கெட்ட பெயர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்குத் தேத்தண்ணி போடத் தெரியாது! கறுத்துப் போய், மேலே ஆடை மாதிரி ஏதோ மிதக்குமாம். அழாத குறையாக போன் பண்ணுவாள்.

"தம்பி, நல்ல தூளா பாத்து அனுப்புடா."

நானும் தூளை மாற்றி மாற்றி அனுப்புவேன். தேத்தண்ணி சரியில்லை என்றால் எங்கள் ஆட்களுக்குத் தூளைத்தானே குறை சொல்லத் தெரியும்? தண்ணீரைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

இத்தனைக்கும் அந்த வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். அக்கா தேசிக்காய்ச் சாறு விட்டுக் கொதிக்கவைத்துச் சுரண்டுவாள். ஷவர் அடைத்துக்கொள்ளும். அத்தான் ஃபில்டர் வாங்கலாம் என்றால் மாமியார் விடமாட்டார்.

"எங்கட கிணத்துத் தண்ணிக்கு என்ன குறை?"

நாங்கள் வளர்ந்தது தோட்டத்து லய வீடுகளின் பீலியடியில். மலையிலிருந்து வந்து கொட்டும் தண்ணீர். சவர்க்காரத்தைத் தொட்டாலே நுரை... எவ்வளவு ஊற்றினாலும் வழுக்கல் போகாது. "இன்னும் சவுக்காரம் போகலம்மா" என்று சாக்குச் சொல்லிக்கொண்டே அக்கா நனைந்துகொண்டிருப்பாள். குளிரில் பல் கிட்டும், ஆனாலும் நகரமாட்டோம். இப்போது நினைத்தாலும் ஏக்கமாக இருக்கிறது.

மாமியார் வந்த அன்று அக்கா அதே பார்சலைப் பிரித்து, எங்கள் அடுப்பில், எங்கள் மலைத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டாள். செக்கச்செவேலென்று, தெளிவாக வந்தது!

மாமியார் ஒரு மிடறு குடித்தார்.

"நல்லாயிருக்கு பிள்ளை! இது எந்தத் தூள்?"

"நீங்க கொண்டாந்த தூள்தாங்க மாமி."

மாமியார் கோப்பையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"உன்னை வீணாப் பேசிப்போட்டன்" என்றார் மெதுவாக. அக்கா அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேற்று போன் பண்ணினாள். குழாயில் ஃபில்டர் பூட்டியாகிவிட்டதாம். வருகிற போகிறவர்களிடமெல்லாம் மாமியார், "மருமகள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அவள் போட்டாத்தான் தேத்தண்ணி" என்கிறாராம்.

கிணற்றைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடக் கூடாதாம்!