பதினெட்டாம் நாள் அடை

'இவற்றை நான் திருப்பவில்லையே...'

வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பட்டது.

இது கட்டுக்கதை இல்லை. பட்டப்பகலில், சரியாக இரண்டு மணிக்கு நடந்தது. விலங்குப் பூங்காவின் ஜன்னலில்லாத முட்டை அறையில், பறவைகளைப் பராமரிக்கும் அவள் தனியாக இருந்தாள். அடைகாக்கும் மெஷினான இன்குபேட்டரில் நான்கு முட்டைகள். அங்கே மிஞ்சியிருந்த கடைசி ஃபெசன்ட் காட்டுக்கோழிப் பெட்டை இட்டவை. இட்ட கையோடு அது செத்துப்போனது. பதினெட்டு நாளாக அவள்தான் அவற்றுக்குத் தாய்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முட்டைகளைக் கையால் திருப்ப வேண்டும். அடையாளத்துக்கு ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். காலை பத்துக்குப் பெருக்கல் குறியை மேலே வைத்து அறையைப் பூட்டினாள். சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை.

இப்போது நான்கிலும் வட்டம்.

தூக்கம் கெட்ட புத்தி எதைத்தான் நினைவில் வைக்கும் என்று தன்னையே ஏசிக்கொண்டாள். விளக்கை அணைத்து, ஒரு முட்டையை டார்ச்சின் மேல் பிடித்தாள். சிவந்த நரம்புகள். சின்னத் துடிப்பு. உயிர் இருந்தது.

மணி 2.06.

குக்... குக்...

அடையில் இருக்கும் பெட்டை தொண்டைக்குள் எழுப்பும் சத்தம்.

முதுகுக்குப் பின்னால்.

கையில் முட்டை அசைந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டையை உள்ளே வைத்தாள். சத்தம் நின்றது...

மூன்று மணிக்கு மாதச் சோதனைக்கு வந்த எலக்ட்ரீஷியன் மெஷினின் பின்மூடியைக் கழற்றினான்.

"அக்கா, ஹீட்டர் எரிஞ்சு மூணு நாளாவது ஆகியிருக்கும். சூடு காட்டுற முள்ளு அப்படியே மாட்டிக்கிட்டு உங்களுக்கு நல்லா காது குத்தியிருக்கு."

"முட்டை சூடா இருக்கேப்பா."

அவன் தொட்டுப் பார்த்தான். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டான். "வேற மெஷின் வர ஒரு வாரம் ஆகும்," என்று மட்டும் சொன்னான்.

நான்கு மணிக்குப் பூங்காவின் கால்நடை மருத்துவர் கூப்பிட்டனுப்பினார். விடுப்பு முடிந்து அன்றுதான் வந்தவர், பரிசோதனைக்காக ஃப்ரீசரில் கிடந்த பெட்டையின் உடலை வெளியே எடுத்திருந்தார். தட்டு முழுக்கக் கெட்டிப் பனி. வயிறு பதிந்திருந்த இடத்தில் மட்டும் உருகிப்போய்...

நான்கு குழிகள். முட்டை அளவு.

அவள் விரல் வைத்தாள். வெதுவெதுப்பு.

பயத்துக்கு முன்னால் வெட்கம் வந்தது. இத்தனை நாள் தாய் என்று யாரை நினைத்துக்கொண்டிருந்தாள்?

மருத்துவர் அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை நீட்டினார்.

"இத இப்பவே எரிச்சிடலாம். உன் பொறுப்புல இருந்த பறவை, உன் கையெழுத்து இருந்தாதான் எரிக்கிறவங்க எடுப்பாங்க. போடும்மா."

அவள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"குஞ்சு வெளிய வர இன்னும் ஆறு நாள் இருக்கு சார். அதுவரை எரிக்க வேணாம், அதுவே பொரிக்கட்டும்."