சியாகுல்லிக்குப் பூசணி வெட்டப் போன விமலராணி

விமலராணிக்கென்று இருந்தது வியாழக்கிழமைப் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான். மற்ற நாட்களில் அவள் லிபெர்த்தா வீதியில், நான்காம் மாடியில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் எண்பத்தெட்டு வயது இத்தாலிய அம்மா ஒருவரைக் கவனித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்து பதினொரு வருடம். வயது முப்பத்தொன்பது. கலியாணம் ஆகவில்லை.

ஒருமுறை ஆகியிருக்க வேண்டியது. முள்ளியவளையில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்த தங்கை சுதாஜினியைப் பார்த்துவிட்டு அவளையே கேட்டார்கள். நல்ல இடம், விடக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். விமலராணியும் அப்படித்தான் சொன்னாள். கலியாணத்துக்குப் பலகாரம் சுட்டதும் அவள்தான். தங்கையோடு இன்றைக்கும் கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில் கதைப்பாள். ஆனால் தங்கைக்குப் பின்னால் அந்த மனிதர் நடந்து போவது தெரிந்தால், இவள் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி எழும்பிவிடுவாள்.

தவராசாவை அவள் சந்தித்தது பெல்லெக்ரீனோ மலையில். புனித றொசாலியாவின் குகைக் கோயிலுக்குப் பலெர்மோத் தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து ஏறுவார்கள். சைவக்காரரும் போவார்கள், வேதக்காரரான கிறிஸ்தவர்களும் போவார்கள். பாதி வழியில் அவளுடைய செருப்பு வார் அறுந்தது. பின்னால் வந்த ஒருவர் குந்தியிருந்து, சட்டைப் பையிலிருந்து பச்சை நாடா ஒன்றை எடுத்துச் செருப்பைக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மரங்களுக்கு ஒட்டுக் கட்டுகிற நாடா அது. அவர் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தார். நாற்பத்துமூன்று வயது. கிளிநொச்சிப் பக்கம். சண்டைக் காலத்தில் மனைவியை இழந்தவர். அதை அவர் ஒரே வசனத்தில் சொன்னார். அவளும் மேலே கேட்கவில்லை.

அதன் பிறகு நான்கு மாதம் ஒவ்வொரு வியாழனும் சந்தித்தார்கள். கடற்கரைப் புல்வெளியில் இருந்து, அவள் போத்தலில் கொண்டுவரும் தேத்தண்ணியைக் குடிப்பார்கள். அவர் கதைப்பது குறைவு. ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் அவராகவே கேட்டார்.

"வாற வியாழன் எங்கடை தோட்டத்துக்கு வாறீங்களோ? பூசினிக்காய் விளைஞ்சு கிடக்குது. இத்தாலிக்காரர் ஹலோவீனுக்குக் குடும்பமா வந்து தாங்களே தெரிஞ்செடுத்து, அங்கையே இருந்து முகம் வெட்டிக்கொண்டு போவினம். நாங்களும் ஒண்டு வெட்டுவம்."

"சின்னப் பிள்ளையள் செய்யிற வேலை அல்லோ?"

"பெரிய ஆக்களும் வருகினம். சோடியாத்தான் கனபேர்."

சோடி என்ற சொல்லை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கிழமை முழுக்க அவள் அதை நினைத்துக்கொண்டே சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளை மடித்தாள். சிஞ்ஞோராவுக்கு இந்தப் பூசணி விவகாரம் பிடிக்கவில்லை. அது அமெரிக்கக்காரரின் பழக்கம், பலெர்மோவில் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் செத்தவர்கள்தான் வந்து பிள்ளைகளுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போவார்கள் என்றார். சொல்லிவிட்டு, வியாழனன்று அவளை அரைமணி நேரம் முந்தியே போகச் சொன்னார். உதட்டுக்குச் சாயம் பூசாமல் போகக்கூடாது என்றும் சொன்னார்.

தோட்டம் மலைச் சரிவில் இருந்தது. மண்டரின்கள் இன்னும் பச்சையாகவே தொங்கின. அங்கே பழம் பழுப்பது மாசிப் பக்கம்தான். மரங்கள் முடிகிற இடத்தில் பூசணிக் கொடிகள் காய்ந்து, காய்கள் வெயிலில் உருண்டு கிடந்தன. தவராசா வாசலில் நின்றார். தோய்த்து அழுத்திய சட்டை. அவள் அருகில் போவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"தவா, இவதானோ?"

ஏப்ரன் கட்டிய ஒரு பெண் கைகளைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள். பெயர் செலஸ்ரீனா. மன்னார்க்காரி. தோட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சமைப்பது அவள் வேலை. முப்பத்தைந்து இருக்கும். சிரித்தபோது கன்னத்தில் குழி விழுந்தது.

"வாங்கோ அக்கா. தவா உங்களைப் பற்றிச் சொன்னவர்."

விமலராணி சிரித்தாள். உள்ளே இரண்டு இடத்தில் குத்தியது. ஒன்று அந்தத் 'தவா'. நான்கு மாதமாக அவள் அவரை 'நீங்கள்' என்பதைத் தாண்டி ஒன்றும் கூப்பிட்டதில்லை. மற்றது அந்த 'அக்கா'.

தவராசா காய்களைத் தட்டிப் பார்த்து, காம்பைத் திருப்பிப் பார்த்து நடந்தார். விமலராணிக்குத் தானே ஒன்றைத் தெரிந்தெடுத்துக் காட்ட வேண்டும்போல் இருந்தது. உருண்டையாக, நல்ல நிறத்தில் ஒன்றைக் கண்டு, "இதை எடுப்பம்" என்றாள்.

"அக்கா, அது அடி அழுகல்" என்றாள் செலஸ்ரீனா. அவளும் தனக்கொன்று தேடிக்கொண்டு பின்னால் வந்திருந்தாள். காலால் மெல்ல உருட்டிவிட்டாள். அடிப்பக்கம் கறுத்து, பூச்சி ஊர்ந்தது. தவராசா சிரித்தார். அவர் சாதாரணமாகத்தான் சிரித்தார். ஆனாலும் செலஸ்ரீனாவும் சேர்ந்து சிரித்ததால், இருவரும் சேர்ந்து தன்னைச் சிரித்ததாகவே அவளுக்குப் பட்டது. உடனே அங்கே கிடந்தவற்றில் மிகப் பெரியதைக் காட்டி, அதுதான் வேண்டும் என்று நின்றாள். அவர் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கியபடி கொட்டகைக்கு வந்தார்.

நீள மேசையில் மற்றக் குடும்பங்களும் இருந்தன. இவர்களுக்கு ஓர் ஓரம் கிடைத்தது. தலைப்பகுதியை மூடிபோல் வெட்டி எடுத்துவிட்டு, இருவரும் கையை உள்ளே விட்டு விதையையும் நாரையும் வழித்தார்கள். உள்ளே குளிர்ந்தது. வழுக்கும் நாருக்குள் அவர் விரல்கள் அவள் விரல்களில் பட்டன. கையை எடுக்க அவரும் அவசரப்படவில்லை, அவளும் அவசரப்படவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக அவள் வந்தது போதும் என்றிருந்தது.

அப்போது செலஸ்ரீனா தன் பூசணியோடு வந்து எதிரில் இருந்தாள்.

"மகள் யூலியானாவுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போக வேணுமாம். பூனை முகம் வேணுமாம்" என்றாள்.

அவளுடைய கை ஓடிய விதத்தை விமலராணி பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. செலஸ்ரீனா பேனையால் வரைந்து, சின்னக் கத்தியால் மீசை மயிர் ஒவ்வொன்றாகக் கீறினாள். அரிசிப் பல் வரிசை. சாய்ந்த கண். விமலராணியும் தவராசாவும் வெட்டிய முகத்தில் ஒரு கண் மேலேயும் மற்றது கீழேயுமாக, பல்லுவலி வந்தவன் போல் இருந்தது.

"உயிரோட இருக்கிற மாதிரி இருக்கு" என்றார் தவராசா, எதிரிலிருந்த பூனையைப் பார்த்து.

செலஸ்ரீனா எழும்பிப் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். விமலராணியிடம் எவ்வளவு சீனி என்று கேட்டாள். தவராசாவிடம் கேட்கவில்லை.

"அவருக்கு?" என்றாள் விமலராணி.

"தவா சீனி போடாரே அக்கா. இஞ்சி மட்டுந்தான்."

நான்கு மாதம். ஒவ்வொரு வியாழனும் இரண்டு கரண்டி சீனி போட்டுப் போத்தலில் அடைத்துக் கொண்டு போனாள். அவரும் கடைசித் துளி வரைக்கும் குடித்தார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பழக்கம் ஒன்றைத் தனக்கு இன்னொரு பெண் சொல்லித் தருகிறாள்.

செலஸ்ரீனா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். தவராசா கை கழுவத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். பூனை அவளைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. விமலராணி கத்தியை எடுத்தாள். பல் வரிசைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய இணைப்பு இருந்தது. அதில் முனையை வைத்து அழுத்தினாள். அதிகம் அழுத்தத் தேவைப்படவில்லை. தாடை முழுக்க உள்ளே விழுந்தது.

நிமிர்ந்தபோது தவராசா குழாயடியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் கைகளின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

செலஸ்ரீனா திரும்பி வந்து, பூசணியைக் கண்டு நின்றாள். விமலராணி வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்:

"நான்தான். முழங்கை பட்டிட்டுது. குறை நினையாதையுங்கோ."

செலஸ்ரீனா உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். பிறகு விமலராணியை.

"எங்கடையைக் கொண்டு போங்கோ" என்றாள் விமலராணி. கோணல் முகத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

"வேண்டாம் அக்கா. நேரம் கிடக்கு. வேற ஒண்டு வெட்டுறன்."

திரும்பும் பஸ்ஸில் பெரிய பூசணி அவர்களுக்கு நடுவே ஒரு ஆளுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. பாதித் தூரத்தில் விமலராணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏன் பொய் சொன்னீங்கள்?" என்று கேட்டாள்.

"நீங்கள் செய்ததெண்டு தெரிஞ்சால் அவ உங்களைப் பிறகு வேற மாதிரிப் பாப்பா. அது எனக்கு விருப்பமில்லை."

"அவவுக்கு நோகக்கூடாதெண்டோ, எனக்கு நோகக்கூடாதெண்டோ?"

அவர் பூசணியைத் தன் பக்கம் சரித்துப் பிடித்தார். அவள் விடவில்லை. எப்படியும் கேட்டுவிடுவது என்று இருந்தாள்.

"அவவை உங்களுக்கு விருப்பமோ?"

"விருப்பம் இருந்தது" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முதல் கேட்டனான். கலியாணம் கட்டுவமோ எண்டு. அவ ஏலாதெண்டு சொல்லிட்டா. புருசன் ஜேர்மனியில இருக்கிறார். விட்டிட்டுப் போனவர், ஆனா உயிரோட இருக்கிறார். வேதக் கோயில்ல கட்டின கலியாணம், அதை முறிக்க மாட்டன் எண்டா."

"இப்ப?"

"முழுக்கப் போயிட்டுது எண்டு சொன்னால் பொய். இண்டைக்கு ஒரு பொய் சொல்லியாச்சு. ஆனா வியாழக்கிழமை எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறது உங்களுக்காகத்தான். அந்தச் சீனித் தேத்தண்ணியையும் அதுக்காகத்தான் குடிச்சனான்."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகத்தைப் பூசணியின் பக்கம் வைத்துக்கொண்டு. அவருடைய நேர்மை அவளுக்கு ஆறுதல் தரவில்லை. அவர் இல்லை என்று பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

அடுத்த இரண்டு நாளும் அவர் போன் அடித்தபோது அவள் எடுக்கவில்லை. சிஞ்ஞோராவின் கால் நகத்தை வெட்டும்போதும், கீழே கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதும், அந்தக் கன்னக்குழியே கண்ணில் நின்றது. தன்னைவிட அவள் இளமை, தன்னைவிட அவள் கை வடிவு, தன்னைவிட முந்தியே அவளைக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தாள். ஆனால் அடுக்குக்கு நடுவில் வேறொன்றும் வந்து நின்றது. பூனை வேண்டும் என்று கேட்ட ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிகிற நேரம் பார்த்து வேதக் கோயில் வாசலில் போய் நின்றாள். செலஸ்ரீனா சாம்பல் நிறச் சீலையில் வந்தாள். கண்டதும் ஆச்சரியப்படவில்லை.

"பூசினியை உடைச்சது நான்" என்றாள் விமலராணி. வேறு முன்னுரை ஒன்றும் வரவில்லை. "அவர் இல்லை."

"தெரியும். முழங்கை பட்டால் கத்தி முனை பட்ட மாதிரியே உடையும்?"

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளைக்கு..."

"அவளுக்கு வேற ஒண்டு வெட்டிக் குடுத்தனான். அது முந்தினதைவிட வடிவு." செலஸ்ரீனா சீலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டாள். வாசலில் நின்ற சனத்தைத் தாண்டி விமலராணியை ஓரமாகக் கூட்டிப் போனாள். "நானும் ஒண்டு சொல்ல வேணும் அக்கா. அண்டைக்கு அந்தத் தேத்தண்ணியை நான் வேணுமெண்டுதான் கேக்காமல் குடுத்தனான். எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது எண்டு காட்டத்தான். நான் வேண்டாமெண்டு சொன்ன மனுசன். சொல்லேக்க நல்லா யோசிச்சுத்தான் சொன்னனான். ஆனா அவர் தோச்ச சட்டையோட உங்களுக்காக வாசல்ல நிக்கிறதைக் கண்டோடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வீதியில் போன கார்களைப் பார்த்தார்கள். தன்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவது அவள் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பிடித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் அவள் தவராசாவுக்குப் போன் எடுத்தாள். கோயிலுக்குப் போனதைச் சொன்னாள். செலஸ்ரீனா சொன்னதில் பாதியை மட்டும் சொன்னாள். மற்றப் பாதியை இன்றுவரை சொல்லவில்லை. அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று நினைக்கிறாள்.

வைகாசியில் நகரசபையில் பதிவுத் திருமணம் நடந்தது. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவராகச் செலஸ்ரீனாவைக் கேட்டது விமலராணிதான். சிஞ்ஞோரா சக்கர நாற்காலியில் வந்து முன் வரிசையில் இருந்தார். செலஸ்ரீனா கையெழுத்து வைக்கும்போது பேனை எழுதவில்லை. தவராசா தன் பேனையை நீட்டினார். அந்தச் சின்னச் செய்கையைக்கூட விமலராணி கவனிக்காமல் விடவில்லை.

இப்போது அவர்கள் பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கிறார்கள். விமலராணி காலையில் ரயிலில் பலெர்மோவுக்கு வந்து சிஞ்ஞோராவைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்புகிறாள். தவராசா அதே தோட்டத்தில்தான். இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது, சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் கேட்பாள்:

"இண்டைக்குச் செலஸ்ரீனா வேலைக்கு வந்தவவோ?"

"ஓம், வந்தவ."

"என்ன கதைச்சவ?"

"யூலியானாவுக்குப் பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற கதை."

அவள் அவர் முகத்தைப் பார்த்து, பிறகு கறியை அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.