ஒண்ணரையின் இடது கால்

மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நீராவி எந்நேரமும் இடுப்பளவுக்கு நிற்கும். அதற்குள் நின்று படுக்கை விரிப்பு மடிக்கிறவளைத் தூரத்திலிருந்து பார்த்தால் காலில்லாமல் மிதக்கிறவள் போலத் தெரிவாள். கால் உண்டு. கதையே அந்தக் காலைப் பற்றியதுதான்.

ஞாயிறு பிற்பகல்களில் அவள் ஒரு மெட்டல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தாள். காதைப் பிய்க்கும் வேகம், அடிவயிற்றிலிருந்து கிளம்பும் உறுமல், பெரிய டிரம்மை இரண்டு காலாலும் மாறி மாறி மிதிக்கும் வாசிப்பு. பள்ளி நாளில் முறிந்த இடது கணுக்கால் சற்றுக் கோணலாகக் கூடியிருந்தது. அதனால் நீண்ட மிதிவரிசையின் கடைசியில் இடது கால் மட்டும் ஓர் இமைப்பொழுது பிந்தி வந்து சேரும். குழுவில் அவளுக்கு ஒண்ணரை என்றே பெயர். யாரோ ஒரு ரசிகர், "உங்க வாசிப்புல ஒரு ஆன்மா இருக்குங்க" என்று உருகியபோது, "ஆன்மா இல்லீங்க, எலும்பு" என்று சொல்லிவிட்டாள்.

கிட்டார் வாசித்தவன் அவள் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை. இன்னொருவரைப் போல ஒலித்துவிடுவோமோ என்பதுதான் அவனுடைய ஒரே பயம். பழைய மெத்தைகளை ஆணியடித்துச் சத்தத்தை அடைத்த ஒத்திகை அறைச் சுவரில், 'செய்யக் கூடாதவை' என்று ஒரு பட்டியல் ஒட்டியிருந்தான். மழைச் சத்தத்தோடு தொடங்கக் கூடாது. உறுமலுக்கு நடுவே திடீரென்று இனிமையாகப் பாடக் கூடாது. இப்படி எண்பத்து மூன்று. ஏழு எண்ணிக்கைத் தாளம் ஒரு காலத்தில் புதுமை. எல்லாரும் ஏழுக்கு வந்ததும் இவன் பதினொன்றுக்குத் தாவினான். அங்கேயும் கூட்டம். பதின்மூன்றுக்குப் போனான். ஊரே நேராக நடப்பதை வெறுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்து நடந்தால் அதற்குப் பெயர் புதுமையா? முற்போக்கு என்று பலகை மாட்டிக்கொண்ட பல இடங்களிலும் இதே கூத்துதான்.

அவள் ஒரே மாதிரிக்கு எதிரி அல்ல. காசு கட்டும் நோயாளிக்குப் புது விரிப்பு, இலவச வார்டுக்குக் கிழிசல் என்று மேற்பார்வையாளர் பிரித்து வைப்பார். அவள் எல்லாவற்றையும் கலந்து அடுக்கிவிடுவாள். கேட்டால், "படுக்கிற முதுகு ஒரே முதுகுதானே சார்?" என்பாள். ஆட்களைச் சமமாக நடத்துவது வேறு, ஆட்களையே ஒரே அச்சில் வார்ப்பது வேறு என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெள்ளிக்கிழமை வெளிவர இருந்தது. திங்களன்று சவுண்ட்காரர் முடித்து அனுப்பிய பாட்டுகளை அவள் நீராவிக்குள் நின்றபடி காதில் மாட்டிக் கேட்டாள். கனவில் சொந்த வீட்டுக்குள் நுழைவோம். சாமானெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், குடியிருப்பவர்கள் மட்டும் யாரோவாக இருப்பார்கள். அப்படி இருந்தது. மிதிகள் எல்லாம் இருந்தன. மிதித்தவளைக் காணோம்.

போனில் கேட்டாள். சவுண்ட்காரர் பெருமையாகவே சொன்னார். "உங்க அடி ஒவ்வொண்ணையும் எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு நல்ல அடிய வச்சிட்டேம்மா. கம்ப்யூட்டர்ல தாளத்துக்குப் போட்ட கட்டத்துல கச்சிதமா உக்காந்திடுச்சு."

"அது யாரோட அடி?"

"எல்லாருக்கும் வைக்கிறதுதாம்மா. இப்ப எல்லாருமே இப்படித்தான்."

அன்று மாலை ஒத்திகை அறைக்கு அவள் போனபோது தம்பி துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தான். "கேட்டியாக்கா? அப்படியே பெரிய குரூப்பு மாதிரி இருக்கு!"

"மாதிரியா? அது உன் லிஸ்டுல எத்தனாவது?"

அவன் முகம் சுருங்கியது. குழுவில் உறுமிப் பாடுகிறவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டிரைவர்; வீட்டில் குழந்தையைக்கூட அதட்டத் தெரியாதவர். "சண்டை வேணாம்மா" என்றார்.

"சண்டை இல்லண்ணே. வாசிச்சது நான் இல்லன்னா அட்டையில என் பேரு எதுக்கு? ஒண்ணு என் கால் இருக்கணும், இல்ல என் பேர எடுத்துடுங்க."

"சும்மா ரோஷப்படாதக்கா. யாருக்கும் வித்தியாசமே தெரியாது."

"தெரியுமா தெரியாதான்னு சோதிச்சுடலாமே."

சவுண்ட்காரரிடம் கேட்டு வாங்கினாள்: அவர் இதே போலத் திருத்தி முடித்த ஐந்து குழுக்களின் டிரம்ஸ் மட்டும், பெயரில்லாமல், வெறும் எண்ணோடு. அதில் ஒன்று இவர்களுடையது. மறுநாள் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். "எது நம்மளது?"

டிரைவர் மூன்று என்றார். தம்பி சிரித்தான். "ஒண்ணு. கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"கண்ண மூடித்தான் சொல்லியிருக்க. நாலு."

ஸ்பீக்கர் சரியில்லை என்றான். வரிசையை மாற்றி மறுபடி ஓடவிட்டாள். இந்த முறை ஐந்து என்றான். அதுவும் இல்லை. எண்பத்து மூன்று விலக்குகளைக் காத்தவனுக்குத் தன் பாட்டின் எலும்புக்கூட்டை அடையாளம் தெரியவில்லை.

பிறகு அவள் திருத்தாத பதிவை ஓடவிட்டாள். ஒரு மிதிவரிசை முடிவதற்குள் தம்பி கையைத் தூக்கினான். "நிறுத்து. இது நீ."

"எப்படித் தெரியும்?"

"இங்க லேட்டா வர."

"ஆமாடா. லேட்டுதான்."

டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் மூச்சு வாங்கறதே அந்த இடத்துலதான். நேத்து புதுசுகூடப் பாடிப் பாத்தேன். மூச்சு முட்டிப்போச்சு."

"விமர்சனம் எழுதறவன் கிழிச்சுத் தொங்க விடுவான்" என்றான் தம்பி. பிறகு போனை எடுத்தான். "சார், நாங்க வாசிச்சதையே போடுங்க. ஆமா, தெரியும். தெரிஞ்சுதான் சொல்றோம்."

கிழிக்கத்தான் செய்தார்கள். 'டிரம்ஸ் வாசிப்பவர் இன்னும் நன்றாகப் பயிற்சி எடுக்க வேண்டும்' என்று ஒருவர் எழுதினார். அவள் படித்துவிட்டு, "இதுலயாவது என்னப் பத்தி எழுதியிருக்காரு" என்றாள்.

அடுத்த மாதம் ஒரு சிறிய அரங்கில் வாசித்தார்கள். விளக்கொளியில் முன்வரிசை பாதித் தூக்கத்தில் மிதப்பது போலிருந்தது. கண்ணாடி போட்ட ஒருத்தி தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். மிதிவரிசையின் கடைசியில் கால் தடுக்கியவள் போல நின்றாள். இரண்டாம் சுற்றிலும் முந்திக்கொண்டாள். மூன்றாவது சுற்றில், தலையைப் பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடி, அந்த இடது காலுக்காகக் காத்திருந்தாள்.