இடது பூட்ஸின் லாடம்

மோட்டார்சைக்கிள் பந்தயத்தில் முந்நூற்றைம்பது சிசி வகுப்புதான் ரத்தம் அதிகம் பார்த்தது. சின்ன வண்டிகளில் புதியவர்கள் பயந்து ஓட்டினார்கள். ஐந்நூறு சிசியில் வண்டியின் வலுவே ஆளை முன்னே கொண்டுபோனது. நடு வகுப்பில் எல்லா வண்டிகளும் ஏறக்குறைய ஒரே வேகம். நேர்ப்பாதையில் தாண்ட முடியாது. திருப்பத்தில் உதைத்துத்தான் தாண்ட வேண்டும்.

பெங்களூருக்கு வெளியே, போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் தார் பீப்பாய்களை நிறுத்திப் பாதை அமைத்திருந்தார்கள். எல்லாத் திருப்பங்களும் இடப்பக்கம். காலைத் தரையில் உரசித் திரும்புவதற்காக இடது பூட்ஸில் மட்டும் இரும்பு லாடம் அடித்துக்கொள்வார்கள். அந்த லாடத்தால் அடுத்தவன் முழங்காலையும் பதம் பார்ப்பார்கள்.

என் அக்காவின் கணவர் அந்த வகுப்பில் ஓட்டினார். ஜெயிப்பவருக்கு அடுத்த பந்தயத்தில் ஓட்டத் தன் ஐந்நூறு சிசி வண்டியைத் தருவதாக ஒரு கடை முதலாளி சொல்லியிருந்தார். மாமாவுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அவருக்குச் சமமான போட்டி, ஜீவனஹள்ளி மெக்கானிக் ஒருவன்.

"இன்னா மச்சி, கால் பத்திரம்," என்றான் அவன், புறப்படும் கோட்டில்.

"உன் மூஞ்சிய பார்த்துக்கோடா," என்றார் மாமா.

பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்ததால் நான் கடைசித் திருப்பத்தில் நின்றேன். கடைசிச் சுற்றில் மெக்கானிக் உள்பக்கமாகப் புகுந்து அரை வண்டி முன்னேறினான். மாமா உதைத்தார். குறி தப்பியது. பூட்ஸ் அவன் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய்விட்டது. கட்டை முறிவது போல ஒரு சத்தம். மெக்கானிக் வண்டியோடு சறுக்கிப் பீப்பாயில் மோதினான். மாமாவின் கால் வெளியே வந்தபோது பூட்ஸ் இல்லை. பாதம் பின்பக்கம் திரும்பியிருந்தது.

அந்தக் கால வண்டிகளில் கியர் வலது காலில். அதனால் அவரால் ஓட்ட முடிந்தது. முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். பின் பிரேக் இடது காலில். முன் பிரேக்கை மட்டும் பிடித்து, ஓடுதளம் முடிந்து புல்லில் போய் விழுந்தார்.

மெக்கானிக் எழுந்து, சக்கரத்திலிருந்து பூட்ஸைப் பிய்த்தெறிந்து, ரத்தம் வழியும் முகத்தோடு வண்டியை ஓட்டி மூன்றாவதாக வந்தான். உடைந்த காலோடு மாமாவால் அடுத்த பந்தயம் ஓட்ட முடியாது. இரண்டாவதாக வந்தவர் ஐந்நூறு சிசி வேண்டாம் என்றார். கடை முதலாளி அதை மெக்கானிக்குக் கொடுத்தார்.

முகத்தில் தையலோடு அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். வளைந்த லாடத்தைக் கட்டிலின்மேல் போட்டான்.

"உன்துதான். என் சக்கரத்துல மாட்டிக்கினு இருந்துச்சு."

மாமா மாவுக்கட்டைப் பார்த்தார், பிறகு அவனை.

"நீயே வெச்சுக்கோ. ஐந்நூறுலயும் ஒதைக்கிறவனுங்க இருப்பானுங்க."