நான் ஒளித்து வைத்த வசனச் சீட்டுகள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும் முன் ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். என் கல்யாணத்தின்போது அம்மா கொடுத்த வாக்குத்தத்தப் பெட்டி அது. உள்ளங்கை அளவு தகர டப்பா. வேத வசனம் அச்சடித்த சின்ன அட்டைகள் அதற்குள் நெருக்கமாக நிற்கும். கண்ணை மூடி ஒன்றை உருவி, வாய்விட்டு வாசித்து, அதை அந்த வாரத்துக்கான வார்த்தையாக வைத்துக்கொள்வோம். குலுக்கல் சீட்டு போல அதை நடத்தக் கூடாது என்று எங்கள் போதகர் ஐயா பிரசங்கத்திலேயே கண்டித்திருக்கிறார். டீச்சர் ட்ரெயினிங் முடித்த எனக்கு அது புரியாமல் இல்லை. ஆனாலும் மூன்று வருடத்துக்கு முன் அந்தப் பெட்டியில் நான் ஒரு தப்புச் செய்தேன்.

அப்போது மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். என் கணவருக்கு விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் அச்சு வேலை. சாயங்காலம் முழங்கை வரை வெள்ளை மண்ணோடு வந்து, குளித்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் மடியில் போட்டுக்கொண்டு, “இன்னிக்கு என்னா கொழம்பு?” என்பார். வெறும் ரசம் என்றாலும் கருவாடு என்றாலும் முகம் ஒரே மாதிரி மலரும். அந்த முகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். மழை பெய்தால் வீட்டு ஓடு ஒழுகும். ஈரம் பட்டால் மூத்தவளுக்கு மூச்சிழுப்பு வந்துவிடும். அடுத்த வருடம் அவளை எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்பது வேறு. இதெல்லாம் என் கவலை மட்டும்தானா, அல்லது எனக்குத்தான் விசுவாசம் போதவில்லையா என்று மாறி மாறித் தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் மங்கலம்பேட்டை பாய் வந்தார். அவரும் என் கணவரோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவர். இரண்டு வருடம் அரபு நாட்டில் இருந்துவிட்டு லீவில் வந்திருந்தார். மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மூத்தவளுக்கு ஒரு நைலான் கவுன் கொண்டுவந்தார். அவள் அதைக் கழற்றவே மாட்டேன் என்றாள்.

“தங்கச்சி, அங்க டைல்ஸ் கம்பெனியில அச்சு வேலைக்கு ஆளு கேக்குறாங்க. உன் வூட்டுக்காரர் கை மாதிரி ஒரு கை கெடையாது. இவரு ‘ம்’னு சொன்னா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றார் பாய்.

“அங்க மீனு கெடைக்குமா பாய்?” என்றார் என் கணவர்.

“கெடைக்கும்யா. ஆக்கறதுதான் நீயி.”

“அப்ப கஷ்டம். நான் வெச்ச கொழம்ப நானே திங்கணுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ போட அடுப்படிக்குப் போனபோது பாயின் மனைவி கூடவே வந்து, “அனுப்பு புள்ள. ரெண்டு வருசம் ஓடியே போயிடும்” என்றார். அவர் பேசும்போதெல்லாம் புது வளையல்கள் குலுங்கின.

அவர்கள் போனதும், “என்னாங்க சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“நமக்கு இப்ப என்னா கொறைச்சல்?”

குறையைச் சொன்னால் அவரைச் சொன்னது போல ஆகிவிடும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, “சரிம்மா, ஞாயித்துக்கெழம சீட்டு எடுப்போம். கர்த்தர் போன்னா போறேன், இருன்னா இருக்கேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூத்தவளுக்கு இழுப்பு கண்டது. தைலம் தேய்த்து அவளைத் தூங்க வைத்துவிட்டு, நான் பெட்டியைத் திறந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பணத்தை நம்பாதே என்கிற பொருளில் ஒன்று இருந்தது. நாளைய சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று ஒன்று, உள்ளதே போதும் என்று ஒன்று. மூன்றையும் எடுத்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். கர்த்தர் பேச நினைத்தால் மீதி அட்டைகளில் பேசட்டுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். இவரைப் போக வைப்பது ஆசைக்காகவா, பிள்ளைக்காகத்தானே என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கண்ணை மூடி எடுத்தார். நீ எங்கே போனாலும் உன்னோடு வருவேன் என்று அர்த்தம் வரும் வசனம். இரண்டு முறை வாசித்தார். “சரிம்மா. போறேன்” என்றார். அவ்வளவுதான்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஸ்டூடியோவுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். போட்டோவில் அவர் முகம் ஊசி போட்டுக்கொள்ள நிற்கும் பிள்ளையின் முகம் போல இருந்தது. கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டார். பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டால் அவர்தான் அதன் துளையில் பின் ஊசி குத்துவார். அந்த வாரம் என்னை உட்கார வைத்து, “இப்பிடி நேரா புடி, அழுத்தாத, ஒடிஞ்சிடும்” என்று சொல்லிக்கொடுத்தார். நான் சரியாகச் செய்ததும், “பாத்தியா, நான் எதுக்கு?” என்றார். மீன் குழம்பு வைத்த அன்றும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டார்.

“சனிக்கெழம முதலாளிகிட்ட சொல்லிடறேன். அவரு வேற ஆளு பாத்துக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டால் அந்த இடத்துக்கு அன்றே ஆள் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை அவர் சைக்கிள் தெரு முனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றேன். சோறு வடித்தேன், துணி துவைத்தேன். பதினோரு மணிக்குமேல் இருக்க முடியவில்லை. மூத்தவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பெனிக்கே போனேன். அதுவரை நான் அந்தக் கொட்டகைக்குள் போனதில்லை. தரை, பலகை, ஆட்களின் புருவம் எல்லாமே வெள்ளையாக இருந்தன. அவர் வரிசையாக வைத்த அச்சுகளுக்குள் கூழ் போலக் கரைத்த மண்ணை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னாம்மா, புள்ளைக்கு என்னா?”

“புள்ளைக்கு ஒண்ணுமில்ல. முதலாளிகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவரு இன்னும் வரல. ஏன்?”

எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று அட்டை, ரேஷன் கார்டு உறை, நான் சொல்லிக்கொண்ட நியாயம் எல்லாம். அழுதுகொண்டே சொன்னதில் எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. அவர் அச்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “இரு, இத வடிச்சிட்டு வரேன். உட்டா கெட்டியாயிடும்” என்றார். ஒவ்வொரு அச்சாகக் கவிழ்த்து, உள்சுவரில் ஒட்டியது போக மிச்ச மண்ணை வாளியில் வடித்தார். ஏழெட்டு அச்சு இருக்கும். அந்த நேரம் எனக்கு நியாயத்தீர்ப்புக்கு வரிசையில் நிற்பது போல இருந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“போங்கன்னு நீ சொல்லியிருந்தாலே போயிருப்பேனே. கர்த்தர எதுக்கு நடுவுல இழுத்த?”

எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு, “இப்ப உன் வாயால சொல்லு. போவணுமா?” என்றார்.

“வேணாங்க.”

“ஏன்?”

“ஸ்டவ்வுக்குப் பின்னு குத்தச் சொல்லிக்குடுத்தீங்களே, அன்னியிலேர்ந்து எனக்குப் பயமா இருக்குது.”

“அப்ப வூட்டு ஓடு?”

“ஒழுவட்டும்.”

“அப்பிடி உட முடியுமா? புள்ளைக்கு இழுக்குதே” என்று சொல்லிவிட்டு, சின்னவனை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். “கொறைச்சல் ஒண்ணுமில்லன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருந்துட்டேன். உனக்கு இருக்குதுன்னு தெரியல.”

முதலாளி வந்தார். என் கணவர் அவரிடம் விடுமுறை நாட்களிலும் வேலை இருந்தால் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த மழைக்கு முன் பாதிக் கூரைக்கு ஓடு மாற்றினோம். மீதிப் பாதி இன்றும் ஒழுகுகிறது. மூத்தவளை நான் நினைத்த ஸ்கூலில் சேர்க்க முடியவில்லை. முனிசிபல் ஸ்கூலில்தான் படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள். ஆனாலும் அந்தப் பெரிய ஸ்கூல் வேன் கடந்து போகும்போது, நான் செய்தது சரியா என்று மனம் கேட்டுவிடும். போதும் என்கிற மனது அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்திருக்கிறது. நான் அதை வாராவாரம் முழங்கால் போட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பாய் நடுவில் இன்னொரு லீவுக்கு வந்துவிட்டு மறுபடி அரபு நாட்டுக்குப் போய்விட்டார். அவர் மனைவிக்கு எழுத வராது. கடிதம் எழுத வேண்டுமென்றால் பஸ் ஏறி என்னிடம்தான் வருவார். போன மாதமும் வந்தார்.

“சின்னதுக்குப் பல்லு மொளச்சிடுச்சுன்னு எழுது புள்ள” என்றார். அந்தக் குழந்தையை அவர் கணவர் இன்னும் பார்த்ததில்லை.

எழுதினேன். அவர் எங்கள் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “வூட்டுக்காரர அனுப்பாம உட்டுட்டமேன்னு உனக்கு வருத்தமா இருக்குதா?” என்று கேட்டார்.

“சில நாளு இருக்குதுக்கா.”

“அனுப்பிட்டமேன்னு எனக்கும் சில நாளு இருக்குது” என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் மடியிலிருந்த குழந்தையை வாங்கி என் மடியில் போட்டுக்கொண்டு, அவர் சொல்லச் சொல்ல மீதிக் கடிதத்தை எழுதினேன்.