நேசபாய் படைத்த வாட்ச் புத்தகம்

நேசபாய்க்கு மன்னிக்கத் தெரியாது என்று எங்கள் சபையில் இன்றைக்கும் சிலர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அவர்களில் ஒருத்தரையும் யாரும் மைக் வைத்துத் திருடி என்று சொன்னதில்லை. நான் யோவான், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்துக்கு நடுவில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை என்பதால் அறுப்பின் பண்டிகை ஏலத்தை வருஷாவருஷம் என் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் நடந்ததை மிகக் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

எங்கள் ஊர் நாகர்கோவிலுக்கும் தோவாளைக்கும் இடையில் இருக்கிறது. நேசபாயின் புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், அப்படியே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டான். கைக்குழந்தை பிரீனாவை வைத்துக்கொண்டு அவள் ஒருத்தர் வாசலிலும் போய் அழவில்லை. ஏசுஅடிமை வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் தூசி தட்டவும் சேர்ந்தாள். ஏசுஅடிமை துபாயில் காண்ட்ராக்ட் எடுத்துச் சம்பாதித்து வந்து பங்களா கட்டியவர், எங்கள் சபையின் செயலர். அவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை. வாட்ச் பைத்தியம் மட்டும் உண்டு. பழைய சுவிஸ் வாட்சுகளை ஏலத்தில் எடுத்து, கண்ணாடி அலமாரியில் வெல்வெட் விரித்து வைத்திருந்தார். சில வாட்சுகள் நின்றுபோகாமலிருக்க அவற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு மெஷினும் இருந்தது. அந்த அறைக்கு ஏ.சி. உண்டு. நேசபாய் பாத்திரம் தேய்க்கிற அடுக்களைக்கு ஒரு ஃபேன்கூடக் கிடையாது.

2007இல் அதில் ஒரு வாட்சைக் காணவில்லை. வீட்டில் தேடினார்களா, இல்லையா, கர்த்தருக்கு வெளிச்சம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏசுஅடிமை மைக்கைப் பிடித்தார். வாட்சின் அடையாளத்தை விவரமாகச் சொன்னார். கறுப்பு டயல் வெயிலில் தேயிலை நிறத்துக்கு மாறியிருக்கும், நாலு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு கறுப்பு மிச்சமிருக்கும் என்றார். கடைசியில், "நம்ம சபையில உள்ள ஒரு பொம்பளைதான் எடுத்துருக்கு. எங்க வீட்டு அடுக்களையில நிக்குற பொம்பளையாக்கும். திருடின கைய வச்சுக்கிட்டு இனி இராப்போஜன அப்பத்தை வாங்காதபடி ஐயா பாத்துக்கிடணும்" என்று போதகரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போதிருந்த போதகரும் தலையாட்டினார். குற்றத்தை அறிக்கையிடும்வரை நேசபாய் இராப்போஜனத்துக்கு வரவேண்டாம் என்று தீர்த்துவிட்டார். செய்யாததை அவள் எப்படி அறிக்கையிடுவாள்? ஆனால் கோவிலுக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திருடி ஓடிவிட்டாள் என்பார்கள். இராப்போஜன ஞாயிறுகளில் சபை முழுக்க எழுந்து முன்னே போய் முழங்கால் போடும்போது, அவள் மட்டும் பெஞ்சில் இருப்பாள். கல்யாண வீட்டில் எல்லாரையும் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் வெளியே உட்காரச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது அவளுக்கு. அப்பமும் திராட்சைரசமும் வாங்கிக்கொண்டு முதலில் திரும்பி வருகிறவர் எப்போதும் ஏசுஅடிமைதான்.

வேறு வீட்டில் யாரும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. தோவாளை பூச்சந்தைக்குப் போய் மாலை கட்டப் பழகினாள். விரல் நுனி எல்லாம் நார் அறுத்த கோடுகள். அந்த விரல்களால்தான் பிரீனாவை நர்சிங் படிக்க வைத்தாள். பேச்சு குறைந்துபோனது, கோபம் குறையவில்லை. ஜெபத்தில் என்ன கேட்பாய் என்று ஒருமுறை என் பெண்டாட்டி கேட்டதற்கு, "அவருக்க வாய அவரே தொறக்கணும்னு கேப்பேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாளாம்.

ஏழு வருஷம் இப்படிப் போனது. அந்த வருஷம் ஏசுஅடிமை தன் வாட்சுகளைப் பற்றி இங்கிலீஷில் ஒரு புத்தகம் போட்டார். பளபளக்கும் தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம், தூக்கினால் அம்மிக்கல் கனம். நாகர்கோவிலில் ஒரு பெரிய ஹாலில் வெளியீட்டு விழா. மாலைகள் தோவாளையிலிருந்து வந்தன. கொண்டு வந்தவள் நேசபாய். அவர் கழுத்தில் விழுந்த ரோஜா மாலை அவள் கட்டியது. மாலையை வாங்கும்போது நேருக்கு நேர் பார்த்தும் அவர் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

விழா முடிந்ததும் வந்தவர்கள் பிரியாணியைச் சாப்பிட்டார்கள், இலவசமாகக் கொடுத்த புத்தகத்தை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கனத்தை யார் பஸ்ஸில் சுமப்பது! நேசபாய் கூடையை எடுக்க வந்தவள் சும்மா ஒன்றை விரித்துப் பார்த்தாள். முன்பு தினமும் தூசி தட்டிய வாட்சுகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுபத்திரண்டாம் பக்கத்தில் கை நின்றது. தேயிலை நிற டயல். நாலுக்குப் பக்கத்தில் கறுப்புப் பிறை.

"இந்தப் புஸ்தகமெல்லாம் என்ன செய்விய?" என்று ஹால் வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போடுவேன். வேணும்னா எடுத்துட்டுப் போ" என்றான் அவன்.

பூக்கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். பிரீனா அந்தப் பக்கத்தை வாசித்து அர்த்தம் சொன்னாள்: "அம்மா, இது மாதிரி டயல் உலகத்துலயே வேற கிடையாதாம். வாங்கின நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த வாட்ச் அவருக்க அலமாரிய விட்டுப் போனதே இல்லியாம்."

அந்த ஆளின் திமிரைப் பாருங்கள். பெருமைக்கு ஆசைப்பட்டு எழுதிவிட்டார். வேலைக்காரி எங்கே இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்க்கப்போகிறாள் என்ற தைரியம்! பிரீனா கொதித்துப்போய், புத்தகத்தைப் போதகரிடம் காட்டலாம் என்றாள். நேசபாய் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஐயா கதவை அடச்சு வச்சுப் பேசித் தீப்பாரு. எனக்க பேரை மைக்கிலயாக்கும் கெடுத்தது. மைக்கிலதான் அது திரும்பி வரணும்" என்றாள்.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் விளைந்ததையெல்லாம் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, சேவல், கருப்பட்டி, சிலர் ஒற்றை முட்டை. படைத்த பொருளை யாரும் மறுக்க முடியாது, படைத்தவரே திருப்பி எடுக்கவும் முடியாது. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, பணம் கோவிலுக்குச் சேரும். வீம்புக்காக ஒரு முட்டையை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தவர்களெல்லாம் உண்டு. அன்றைக்கு வாழைக்குலைகளுக்குப் பின்னால் சாக்கு மூடிய ஒரு பூக்கூடையும் இருந்தது. சேவல் ஏலம் போனதும் நேசபாய் கூடையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நேசபாய் படைச்சது, ஒரு புஸ்தகம்!" என்று நான் கத்தினேன்.

முன் பெஞ்சில் ஏசுஅடிமைக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன் புத்தகம் பீடத்துக்கு முன்னால் வந்துவிட்டதே!

"அண்ணே, எழுவத்திரண்டாம் பக்கத்தை விரிச்சுக் காட்டி ஏலம் விடுங்க" என்றாள் நேசபாய், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் சிரிப்பு அப்படியே உறைந்தது. நான் அட்டையைத் திறப்பதற்குள், "விரிக்காண்டாம், விரிக்காண்டாம்! ஐயாயிரம்!" என்று எழுந்துவிட்டார். சொந்தப் புத்தகத்துக்கு இத்தனை அவசரமா என்று பின்னால் இருந்த இளவட்டங்களுக்குக் குஷி. வேண்டுமென்றே ஏற்றிவிட்டார்கள். அவரும் விடாமல் ஏற்றினார். நான் மூன்று தரம் சொல்லி முடித்ததும் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

நேசபாய் இரண்டாவது புத்தகத்தை நீட்டினாள். அதையும் எடுத்தார். மூன்றாவது வந்தபோது அவர் மனைவி டெய்சிபாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். சபையில் சிரிப்பு ஓய்ந்துபோய், ஆளாளுக்குக் குசுகுசுத்தார்கள். நாலாவது புத்தகம் கையில் வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தை விரித்தேன். அந்தப் பிறையைப் பற்றி அவர் மைக்கில் சொன்ன அன்று நானும் அங்கேதான் இருந்தேன். கண்ணில் பட்டதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மைக்கைக் கிட்டத்தில் இழுத்தேன்.

"அண்ணே, நீங்க சொல்லாண்டாம்" என்று நேசபாய் என் கையைப் பிடித்தாள். பிறகு ஏசுஅடிமையைப் பார்த்தாள். "சாரே, கூடையில இன்னும் கிடக்கு. எல்லாத்தையும் எடுக்கப் போறியளா, இல்ல இங்க வந்து சொல்லுதியளா?"

அவர் கூடையைப் பார்த்தார். சாக்குக்குள் எத்தனை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மடியில் இருந்த மூன்றையும் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த வாட்ச் களவு போகல்ல. அடுத்த மாசமே எனக்க துபாய் பெட்டிக்குள்ள கிடந்து கிட்டிச்சு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. நேசபாய் எடுக்கல்ல" என்றார்.

"சத்தமா சொல்லுங்க. கடைசி பெஞ்சில கேக்கல்ல" என்றாள் அவள்.

அவர் மறுபடியும் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷ ஏலத்தில் எந்தப் பொருள் விலை போனபோதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

இப்போதிருக்கிற போதகர் நல்ல மனுஷன், சண்டை என்றால் பயம். அவசரமாக வந்து ஜெபம் பண்ணி, "சகோதரி நேசபாய் வாற ஞாயிறு இராப்போஜனத்துக்கு வரலாம்" என்றார்.

"வருவேன் ஐயா. அவரும் வருவாரா?" என்று கேட்டாள்.

"அவருதான் அறிக்கையிட்டாச்சுல்லா அம்மா. இனி நாம மன்னிக்கணும்."

"செய்யாத தப்புக்கு நான் ஏழு வருசம் பெஞ்சில இருந்தேன். அத்தனை வருசமும் பொய்ய வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அவரு அப்பம் தின்னாரு. அப்போ நீங்க யாராவது தடுத்தியளா?" என்றாள் நேசபாய். போதகர் ஏலத்தை முடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு முன் பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். ஏசுஅடிமையும் எழுந்தார். அதற்குள் நேசபாய் நடைபாதையில் வந்து நின்றுவிட்டாள். அவரையே பார்த்தாள். சபை முழுக்கப் பார்த்தது. அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அவள் முன்னே போய் முழங்கால் போட்டு, அப்பம் வாங்கி, பாத்திரத்தில் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு அவர் பெஞ்சை ஒட்டித் திரும்பி வந்தாள்.

வெளியே வந்ததும் நான் கேட்டேன்: "இனி அவரை விட்டுரலாம்லா, பிள்ளே?"

"ஏழு வருசம் ஆகட்டு அண்ணே. பொறவு கேளுங்க" என்றாள்.

இது நாலாவது வருஷம், இராப்போஜன ஞாயிறுகளில் ஏசுஅடிமை இன்னும் பெஞ்சில்தான். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.